எலும்பு பொருந்திவிட்டது, கால் இன்னும் சரிவரவில்லை: கணுக்கால் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மாதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணுக்கால் முறிந்து, தகடும் ஆணியும் வைத்து, பிளாஸ்ரரும் கழற்றியாயிற்று. அதற்குப் பிறகு வரும் மாதங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம். யாழ்ப்பாணத்தில் கிளினிக் நாளில் சனம் நிறைந்திருக்கும். டொக்டர் எக்ஸ்றேயைப் பார்த்து "நல்லாப் பொருந்தியிருக்கு, நடவுங்கோ" என்று சொல்ல, வரிசை நகர்ந்துவிடும். கேட்க நினைத்ததெல்லாம் வாசலைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வரும். அப்படிப் பிசியோ அறைக்கு வந்து சேரும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. உங்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் வேறு ஏதும் சொல்லியிருந்தால் அவர் சொன்னதைத்தான் கேளுங்கள். எல்லா முறிவும் ஒரே மாதிரி இல்லை.

எலும்பு பொருந்திவிட்டது என்கிறார்கள். பிறகு ஏன் ஒழுங்காக நடக்க முடியவில்லை?

எக்ஸ்றேயில் தெரிவது எலும்பு மட்டும். மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு, தசைநார், கெண்டைக்கால் தசை, கால் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு, இவை ஒன்றும் அதில் தெரியாது. ஆறு வாரம் கால் நிலத்தில் படாமல் இருந்தால் கெண்டைக்கால் சுருங்கிவிடும். இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். மூட்டு இறுகிப்போயிருக்கும். தகடு எலும்பைப் பிடித்து வைக்கிறது, இறுகின மூட்டை அது இளக்காது. அந்த வேலை பிளாஸ்ரர் கழற்றிய நாளில்தான் தொடங்குகிறது. செய்ய வேண்டிய ஆள் நீங்கள்.

எப்போது முழுதாகச் சரிவரும்?

நேராகச் சொன்னால், பெரும்பாலானோருக்கு ஒரு வருடம். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதன் பிறகு மெதுவாகும். இரண்டு வருடம் வரை சிறிது சிறிதாகத் தேறுகிறவர்களும் உண்டு. எலும்பு பொருந்த வழக்கமாக 6 முதல் 12 வாரம். பிடிக்காமல் வீட்டுக்குள் நடக்க ஏறத்தாழ மூன்று மாதம். கதிரையில் இருந்து செய்யும் வேலைக்கு இரண்டு மாதமளவில் திரும்பலாம், காலை உயர்த்தி வைக்க இடம் இருந்தால். தோட்டம், கடற்றொழில், மேசன் வேலை என்றால் நான்கு முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வேளை அதற்கும் மேல்.

ஒரு பக்க எலும்பு மட்டும் முறிந்தவருக்கும், உள், வெளி, பின் என்று மூன்று இடத்திலும் முறிந்து மூட்டும் விலகினவருக்கும் ஒரே கணக்கு இல்லை. பக்கத்து வீட்டு அண்ணை மூன்று மாதத்தில் பந்தடித்தார் என்ற கதையைக் கேட்டுக் கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவருக்கு எந்த எலும்பு முறிந்தது என்று முதலில் கேளுங்கள்.

காலையில் நல்லாக இருக்கிறது, பின்னேரமானால் வீங்குகிறது. உள்ளே ஏதும் பழுதோ?

பெரும்பாலும் இல்லை. கணுக்கால்தான் உடம்பில் மிகத் தாழ்ந்த பெரிய மூட்டு. நிற்க நிற்க நீர் அங்கே இறங்கும். அதை மேலே தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை, அதுவோ மெலிந்து கிடக்கிறது. ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் இந்தப் பின்னேர வீக்கம் இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் இரத்தக் குழாய்கள் விரிவதால் இன்னும் கூடும்.

படுத்து, இரண்டு தலையணை வைத்து, குதிக்கால் நெஞ்சை விட உயரமாக இருக்கும்படி இருபது நிமிடம் கிடவுங்கள். கதிரைக்கு முன்னால் வாங்கில் காலை நீட்டுவது போதாது, அது நெஞ்சின் உயரத்துக்கு வராது. படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஐஸ் வைப்பதென்றால் துவாயில் சுற்றி 15 நிமிடம். உணர்வு குறைந்து விறைத்த தோலில் ஐஸை நேரே வைத்தால் சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும். இறுக்கக் காலுறை காலையில் எழும்பினவுடன், வீங்குவதற்கு முன்னால் போட வேண்டும். நீரிழிவோ கால் இரத்தோட்டக் குறைவோ இருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இரவு முழுக்க உயர்த்தி வைத்தும் காலையில் வீக்கம் வடியவில்லை என்றால் காட்ட வேண்டும்.

குந்தி இருக்க முடியவில்லை. இனி ஒருநாளும் முடியாதோ?

நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மேலைநாட்டுக் கையேடுகளில் நடந்தால் போதும், படி ஏறினால் போதும் என்று முடித்துவிடுவார்கள். நமக்கோ குந்தி இருக்கும் மலசலகூடம், அரிவாளோடு குசினி நிலம், வெங்காயப் பாத்தி, கிணற்றடித் துவைகல் என்று எல்லாம் கணுக்காலை மடித்துச் செய்கிற வேலை.

நிலத்தில் பாதத்தை ஊன்றி முழங்காலை முன்னுக்குத் தள்ளும்போது கணுக்கால் மடிகிறதே, அந்த மடிப்பைத்தான் அளக்க வேண்டும். சமதரையில் நடக்கச் சுமார் 10 பாகை போதும். படி இறங்க அதைப்போல இரண்டு மடங்கு. குதி நிலத்தில் இருக்கக் குந்துவதற்கு 30 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே நடக்கிறேன், ஆனால் படி இறங்கக் கஷ்டம், குந்தவே முடியாது என்று சொல்வதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அளவு பார்க்க ஒரு சுலபமான வழி. சுவரைப் பார்த்து நின்று, குதி எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். முட்டினால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து மறுபடி தொடுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை சென்றிமீற்றர் வரை முட்டுகிறது என்று இரண்டு காலிலும் அளந்து கலண்டரில் எழுதி வையுங்கள். நல்ல கால்தான் உங்கள் இலக்கு. வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும், ஒவ்வொரு நாளும் அளந்தால் மனம் சலித்துவிடும்.

பயிற்சியும் கிட்டத்தட்ட அதேதான். சுவரைப் பிடித்து, நொந்த காலைப் பின்னுக்கு வைத்து, குதியை ஊன்றி, முதலில் முழங்காலை நீட்டியும் அடுத்து மடித்தும் முப்பது செக்கன் நில்லுங்கள். நாளுக்கு மூன்று நான்கு தரம். கதிரையில் இருந்துகொண்டு பாதத்தை ஊன்றியபடி பின்னுக்கு இழுப்பதும் நல்லது. படுத்திருக்கும்போது பெருவிரலால் காற்றில் 'அ' முதல் 'ஔ' வரை எழுதுங்கள். 'ஆ'வும் 'ஒ'வும் மூட்டை எல்லாப் பக்கமும் திருப்பிவிடும்.

குந்துவதை நேரே தொடங்க வேண்டாம். மூன்று மாதமளவில், டொக்டர் முழுப் பாரம் போடச் சொன்ன பிறகு, யன்னல் கம்பியைப் பிடித்து அரைவாசி குந்திப் பழகுங்கள். குதிக்குக் கீழே ஒரு தடித்த பலகை வைத்தால் இலகு. கிழமைகள் போகப் பலகையை மெல்லியதாக்குங்கள். இந்தக் காலத்தில் வீட்டில் கொமட் இல்லாவிட்டால், குந்தும் கோப்பைக்கு மேலே வைக்கும் ஓட்டைக் கதிரையை மருந்துப் பொருட் கடைகளில் வாங்கலாம். பலர் ரோசப்பட்டு அதை வாங்காமல் சுவரைப் பிடித்துச் சமாளிக்கிறார்கள், நனைந்த நிலத்தில் சறுக்கவும் செய்கிறார்கள். ரோசம் பார்க்கிற இடம் இதுவல்ல.

முழுக்க வருமா என்றால், பலருக்குப் போதுமான அளவு வரும். பழையபடி குதி ஊன்றிக் குந்த எல்லோருக்கும் வராது. சம்மணம் கட்டும்போது வெளிப்பக்கத் தகடு நிலத்தில் அழுத்தி நோகும். அதற்கு ஒரு மெத்தைத் துண்டு போதும்.

நோகும்போது பயிற்சி செய்யலாமா?

அடுத்த நாள் காலையைப் பாருங்கள். செய்யும்போது இழுவை, கொஞ்சம் நோ இருந்து, காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அது சரியான அளவு. காலையிலும் கூடின நோ, கூடின வீக்கம் இருந்தால் நேற்றுச் செய்தது கூட, அரைவாசியாகக் குறையுங்கள். நிற்பாட்ட வேண்டாம். குத்துவது போல ஒரே புள்ளியில் நோகுமென்றால் அது வேறு, காட்டுங்கள்.

நோவுக்குப் பனடோல் போடலாம். டைக்ளோபெனக் போன்றவற்றை மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கூடாது.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?

நல்ல கால் பக்கக் கையில். நொந்த காலும் தடியும் ஒன்றாக முன்னுக்குப் போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த கால் முதலில். நொண்டல் நிற்கும் வரை தடியை விட வேண்டாம். தடி இல்லாமல் நொண்டுவதை விடத் தடியோடு நேராக நடப்பதே மேல். நொண்டி நடந்து பழகினால் முழங்காலும் இடுப்பும் நோகத் தொடங்கும்.

பரியாரியிடம் எண்ணெய் போட்டுக் கட்டலாமா?

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இது வராமல் இருக்காது. காயம் முழுக்க மூடி, பொருக்கும் விழுந்த பிறகு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தொட்டுத் தழும்பை விரலால் மெல்ல வட்டமாகத் தேய்ப்பது நல்லது, தோல் அடியில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் தகடு வைத்த காலை இழுத்து உருவுவதும், பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதும், காயத்துக்கு மேலே புக்கை வைப்பதும் வேண்டாம். கிருமி தகடு வரை இறங்கினால் பிறகு தகட்டையே எடுக்க வேண்டி வரும். பரியாரி பகை இல்லை. உள்ளே தகடு இருக்கிறது என்பதை அவருக்கும் சொல்லுங்கள், நல்லவர் என்றால் அவரே கை வைக்க மாட்டார்.

என்ன சாப்பிட வேண்டும்? காயத்துக்குக் கூடாத கிரந்திச் சாப்பாடு என்று மீன், கத்தரிக்காய் எல்லாம் நிற்பாட்டிவிட்டார்கள்.

மீனை நிற்பாட்டியதுதான் பிழை. ஒவ்வாமை உள்ளவர் அந்த ஒன்றைத் தவிர்த்தால் போதும். எலும்புக்கும் தசைக்கும் புரதம் வேண்டும்: மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை. கல்சியத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, பால், தயிர், எள்ளு, குரக்கன், முருங்கையிலை. விற்றமின் டி வெயிலில் கிடைக்கும், அது இங்கே தாராளம். ஆனால் ஆறு வாரம் அறைக்குள் படுத்திருந்தவருக்கு அதுவும் குறையும், ஆகவே காலை வெயிலில் விறாந்தையில் இருங்கள். சிகரெட் எலும்பு பொருந்துவதையும் காயம் ஆறுவதையும் உண்மையாகவே தாமதப்படுத்தும். பத்தியம் காக்க வேண்டுமென்றால் அதில் காக்கலாம். ஒடியல் கூழுக்குத் தடை இல்லை.

சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார்?

சைக்கிள் உழக்குவது நல்ல பயிற்சி, மூட்டில் பாரம் இல்லாமல் மடிந்து நீளும். கஷ்டம் ஏறி இறங்குவதில்தான். ஸ்டாண்டில் நிறுத்தி உழக்கிப் பழகி, மூன்று மாதமளவில் உயரம் குறைந்த சீற்றோடு, சனமில்லாத ஒழுங்கையில் தொடங்குங்கள். நல்ல காலை ஊன்றி நிற்கும் பக்கமாகவே எப்போதும் சாயுங்கள்.

மோட்டார் சைக்கிளில் வலது கால் பிரேக், இடது கால் கியர். கியரைப் பாதத்தின் மேற்பக்கத்தால் தூக்க வேண்டும், இறுகின கணுக்காலுக்கு அது லேசில்லை. ஸ்கூட்டரில் பிரேக் கையில் இருப்பதால் பலர் முந்தியே ஓடுகிறார்கள். ஆனால் குறுக்கே நாய் ஓடினால் திடீரென்று ஊன்றப் போவது அந்தக் காலைத்தான். ஒற்றைக் காலில் பத்துச் செக்கன் பிடிக்காமல் நிற்க முடியாவிட்டால் இரண்டு சில்லு வாகனம் எதுவும் வேண்டாம்.

காரும் ஓட்டோவும் ஓடுகிறவர்களுக்கு வலது கால் என்றால் காத்திருப்பு நீளம். வலது கணுக்காலில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் பிரேக் மிதிக்கும் வேகம் வழமைக்குத் திரும்பச் சுமார் 9 வாரம் எடுக்கிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாரம் போட அனுமதி பிந்தினால் அதுவும் பிந்தும். நிறுத்திய வாகனத்தில் இருந்து பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள். தயக்கம் இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை.

பாதத்தின் மேல்பக்கம் விறைப்பாக இருக்கிறது.

வெட்டின இடத்துக்குப் பக்கத்தால் ஓடும் தோல் நரம்பு இழுபட்டிருக்கும் அல்லது வெட்டுப்பட்டிருக்கும். நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் வளரும். மாதங்கள் எடுக்கும், சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கும். நடையை அது பாதிக்காது. ஆனால் விறைப்போடு எரிவு, தொடவே முடியாத நோ, தோல் நிறம் மாறி மினுங்குதல், ஒரு கால் சூடாகவோ குளிராகவோ இருத்தல் எல்லாம் சேர்ந்தால் பிந்தாமல் காட்டுங்கள். முந்திப் பிடித்தால்தான் அதற்கு வைத்தியம் பலிக்கும்.

தகட்டை எடுக்க வேண்டுமா?

தொந்தரவு இல்லையென்றால் தேவையில்லை. சாகும் வரை உள்ளே இருக்கலாம். சப்பாத்து உரசி நோகுது, ஆணித் தலை தோலுக்குக் கீழே தட்டுப்படுகிறது, கிருமி தொற்றியது என்றால் எடுப்பார்கள், வழக்கமாக எலும்பு நன்கு பொருந்தி ஒரு வருடமளவில். எடுத்த பிறகு ஆணி இருந்த ஓட்டைகள் நிரம்பும் வரை சில கிழமைகள் ஓட்டமும் பாய்ச்சலும் வேண்டாம். கீழ்க்காலின் இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் நீள ஆணி மட்டும் வேறு கதை. அதைச் சிலர் மூன்று மாதமளவில் எடுப்பார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். விட்டது உள்ளே உடைந்திருப்பதாகப் பின்னர் எக்ஸ்றேயில் தெரிந்தால் பதறாதீர்கள். எலும்புகள் மறுபடி அசையத் தொடங்கியதால் உடைந்திருக்கும், பெரும்பாலும் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மார்கழிக் குளிருக்கும் மழைக்கும் நோகுது என்று பலர் சொல்கிறார்கள். நம்பாமல் இருக்கத் தேவையில்லை. காலுறை போடுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான், விமான நிலையம்?

ஸ்கான் எடுப்பவரிடம் தகடு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், பெரும்பாலும் எடுக்கலாம். விமான நிலையத்தில் மணி அடித்தால் தழும்பைக் காட்டுங்கள்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா வருகிறது. போகலாமா?

வீதியெல்லாம் மணல், செருப்பில்லை, தேரன்று சன நெருக்கம். மூன்று மாதம் ஆகாதவர்கள் தேருக்கும் தீர்த்தத்துக்கும் போகாமல், சனம் குறைந்த ஒரு நாள் பார்த்துப் போகலாம், இருபத்தைந்து நாள் இருக்கிறதே. ஆறு மாதம் கடந்து, மேடு பள்ளத்தில் நடக்கப் பழகியவர்களுக்கு மணலில் நடப்பது பயிற்சிதான். பிரதட்டையும் (வீதியில் உருளுதல்) அடியழிப்பும் (விழுந்து கும்பிட்டபடி சுற்றுதல்) நேர்த்தி வைத்தவர்கள் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். அடியழிக்கும்போது ஒவ்வொரு முறையும் கால் விரலை ஊன்றி எழும்ப வேண்டும், இறுகின கணுக்கால் தாங்காது. முருகன் கணக்குப் பார்க்க மாட்டார்.

கிணற்றடியும் கடலும்?

கிணற்றடிப் பாசியில் வாளியோடு நடப்பதுதான் ஆபத்து. கதிரை போட்டு இருந்து குளியுங்கள், வாளியை வேறு ஆள் தூக்கட்டும். காயம் முழுக்க ஆறினவர்களுக்கு இடுப்பளவு நீரில் நடப்பது அருமையான பயிற்சி. காரைநகர் கசூரினாக் கடல் ஆழமில்லாதது, அதற்கு வாய்ப்பு. நீருக்குப் போகும் வரை மென்மணலில் ஒருவரின் கையைப் பிடியுங்கள். கீரிமலைக் கேணியில் தண்ணீரை விடப் படிக்குத்தான் பயப்பட வேண்டும்.

அம்மாவுக்கு 68 வயது, நீரிழிவும் இருக்கிறது. இதே கணக்குத்தானா?

இல்லை. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காயமும் எலும்பும் ஆறப் பிந்தும், கிருமி தொற்றவும் வாய்ப்புக் கூட. பாரம் போடாமல் வைத்திருக்கும் காலத்தைப் பல டொக்டர்மார் ஏறத்தாழ இரண்டு மடங்காக்குவார்கள். அம்மா நோகவில்லை என்று சொல்லி நடக்கப் பார்ப்பா. காலில் உணர்வு குறைந்திருந்தால் நோகாது, ஆனால் உள்ளே ஆணி இளகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இரவும் நீங்களே பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பாருங்கள். ஒரு கால் காரணமில்லாமல் சூடாகிச் சிவந்து வீங்கினால் அன்றே காட்டுங்கள். இந்த வயதில் நின்ற நிலையில் விழுந்தே முறிந்திருந்தால் எலும்பின் அடர்த்தியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை முறிவது இடுப்பாக இருக்கலாம்.

எதற்கெல்லாம் காத்திருக்காமல் ஓட வேண்டும்?

ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகி நோவது, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு நோ: காலில் இரத்தக் கட்டி இருக்கலாம், அது நுரையீரலுக்கும் போயிருக்கலாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தழும்பில் சீழ், காய்ச்சலோடு சிவப்பு, நன்றாக நடந்த கால் திடீரென்று ஊன்ற முடியாமல் போவது: இவற்றுக்குக் கிளினிக் திகதி வரும் வரை இருக்க வேண்டாம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் இருந்த இடத்திலேயே பாதத்தை ஆட்டிக்கொண்டிருங்கள், பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கி நடவுங்கள்.

பின்னாளில் மூட்டு தேயுமா?

சிலருக்குத் தேயும், மறைக்க ஒன்றுமில்லை. முழங்கால் வயதால் தேய்கிறது, கணுக்கால் பெரும்பாலும் பழைய காயத்தால்தான் தேய்கிறது. மூட்டுக்குள் இருக்கும் எலும்பு 1 மில்லிமீற்றர் வெளிப்பக்கம் விலகினாலே ஒன்றோடொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976இல் அளந்து எழுதினார்கள். சத்திரசிகிச்சையில் மில்லிமீற்றர் கணக்குப் பார்ப்பது அதனால்தான். மூன்று பக்கமும் முறிந்தவர்களுக்கும், குருத்தெலும்பு நசிந்தவர்களுக்கும் வாய்ப்புக் கூட. உங்கள் கையில் இருப்பது உடல் எடை, கெண்டைக்காலின் பலம், மடிப்பு. ஒவ்வொரு அடியிலும் கணுக்கால் உடல் எடையின் பல மடங்கைச் சுமக்கிறது, ஆகவே நாலு கிலோ குறைத்தாலும் அதற்குத் தெரியும். ஒற்றைக் காலில் நின்று இருபது தரம் குதியை உயர்த்த முடிகிற நாள் வரை பயிற்சியை விடாதீர்கள்.

கிளினிக் முடிந்துவிட்டது. இனி யாரிடம் கேட்பது?

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மட்டுமன்றி, தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளிலும் காட்டலாம், பக்கத்தில் உள்ளதற்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் பிசியோவுக்குப் பணம் இல்லை. போகும்போது டயக்னோசிஸ் கார்ட், சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்றே, போடும் மருந்து, கலண்டரில் எழுதின அந்தச் சென்றிமீற்றர்கள், வழமையாகப் போடும் செருப்பு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். செருப்பின் அடி ஒரு பக்கம் தேய்ந்திருப்பதைப் பார்த்தே எப்படி நடக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம்.